ஆங்கிலத் தலைப்புகளில் காணாமற்போகும் துணைவினை

ஆங்கிலம் கற்பிக்கையில் நான் தொடர்ந்து கவனிப்பது, இலக்கணத்தை முறையாகப் படித்தவர்களே செய்தித்தாள் தலைப்புகளில் அதிகம் தடுமாறுகிறார்கள் என்பதுதான். பாடநூலில் கற்ற காலங்கள் அங்கே வேறு வேலை செய்கின்றன. 1969 ஜூலை 21 அன்று நியூயார்க் டைம்ஸ் ‘மென் வாக் ஆன் மூன்’ என்று தலைப்பிட்டபோது மனிதர் நிலவில் நடந்து முடிந்திருந்தது. ஆயினும் வினை நிகழ்காலத்தில்தான் நின்றது. முடிந்ததற்கு நிகழ்காலம், வரப்போவதற்கு ‘டு’ என்பது தலைப்பின் மரபு. ‘கவர்ன்மென்ட் டு ரெய்ஸ் டேக்ஸ்’ என்றால் வரியை உயர்த்தப் போகிறார்கள் என்றே பொருள்; ‘மல்ஸ்’ என்றிருந்தால் இன்னும் யோசனை அளவில்தான் இருக்கிறது. இரண்டையுமே ‘வரி உயர்ந்துவிட்டது’ என்று பகிர்ந்துவிடுகிறார்கள்.

இதைவிட ஆபத்தான இடம் செயப்பாட்டுவினை. ‘மினிஸ்டர் அக்யூஸ்ட் ஆஃப் ஃபிராட்’ என்பதைப் படிப்பவர்களில் சிலர், அமைச்சர் யார்மீதோ மோசடிப் புகார் கூறினார் என்று புரிந்துகொள்கிறார்கள். உண்மையில் புகாருக்கு உள்ளானவரே அமைச்சர். இடம் மிச்சப்படுத்துவதற்காக ‘இஸ்’ என்ற துணைவினை நீக்கப்பட்டிருக்கிறது. அவரே புகார் கூறியிருந்தால் ‘அக்யூசஸ்’ என்று வந்திருக்கும். தலைப்புகளில் சாதாரண இறந்தகாலம் அரிது என்பதால், ‘அக்யூஸ்ட்’ போன்ற வடிவத்தைக் கண்டதும் முதலில் செயப்பாட்டுவினை என்றே ஐயுற வேண்டும். ‘ஹெல்ட்’ என்ற சொல்லுக்கு முன்னால் ஆள் நின்றால் அவர் பிடிபட்டார் என்றும், ‘டாக்ஸ்’ நின்றால் பேச்சுவார்த்தை நடந்தது என்றும் கொள்ள வேண்டும்.

பெயர்ச்சொற்களை அடுக்கும் வழக்கம் மட்டும் நமக்குச் சாதகமானது. ‘ஸ்கூல் பஸ் கிராஷ் ப்ரோப் டிலே’ என்பதை அதே வரிசையில் ‘பள்ளிப் பேருந்து விபத்து விசாரணைத் தாமதம்’ என்று சொல்லிவிடலாம். இரண்டு மொழியிலும் தலைமைச் சொல் (இங்கே ‘தாமதம்’) கடைசியில்தான் வருகிறது.

விசாரணையைக் குறிக்கும் ‘ப்ரோப்’, ஒப்புதலைக் குறிக்கும் ‘நாட்’ போன்ற குறுஞ்சொற்கள் செய்தித்தாளின் அகலம் குறைந்த பத்திகளில் இடம் போதாமையால் செல்வாக்குப் பெற்றவை. இணையத்தில் அந்த நெருக்கடி பெரும்பாலும் இல்லை. ஆனாலும் கடுமையாகச் சாடுவதைக் குறிக்கும் ‘ஸ்லாம்ஸ்’ நீடிப்பது அதன் சூட்டுக்காகவே என்பது என் கணிப்பு. உள்ளே படித்தால் மிதமான விமர்சனம் மட்டுமே இருக்கும்.

ஒற்றை மேற்கோள் குறிக்குள் வரும் சொல்லையும் கூர்ந்து நோக்க வேண்டும். ‘பாய்சன்ட்’ என்பது அக்குறிக்குள் இருந்தால், நஞ்சூட்டப்பட்டதாக யாரோ கூறுகிறார்கள், அதற்குப் பத்திரிகை பொறுப்பேற்கவில்லை என்றே பெரும்பாலும் பொருள். கூறியவர் யார் என்பது வழக்கமாகச் செய்தியின் முதல் சில வரிகளில் இருக்கும்.