கயாக்: உடம்புக்கு அளவெடுத்த படகு

கயாக் என்றால் 'துடுப்புப் படகு' என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். தப்பில்லை. ஆனால் ரோயிங் படகும் கெனுவும்கூடத் துடுப்புப் படகுதானே? ரோயிங்கில் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தண்டு வலிப்பார்கள். கெனு பந்தயத்தில் ஒரு காலை மண்டியிட்டு ஒரே பக்கமாகத் துடுப்பு போடுவார்கள். கயாக்கில் முன்னால் பார்த்து உட்கார்ந்து, இரு முனையும் அகன்ற துடுப்பை இடமும் வலமும் மாற்றி மாற்றிப் போட வேண்டும்.

கயாக் என்ற சொல் ஆர்க்டிக் பகுதியின் இன்யூட் மக்களுடையது. அவர்கள் வாயில் அது 'கயக்'. முதலிலும் முடிவிலும் வரும் ககரம் அடித்தொண்டையில் பிறக்கும். வேட்டைக்காரனின் படகு என்று பொருள் சொல்வார்கள். படகின் எலும்புக்கூடு போன்ற சட்டகத்தின் மேல் சீல் என்ற கடல் விலங்கின் தோலைப் போர்த்திச் செய்தார்கள். ஓட்டுபவரின் இடுப்பு, கை, முஷ்டி இவைதான் அளவுகோல். சட்டை தைப்பதுபோல ஆளுக்கு ஒரு படகு.

பந்தயக் கயாக்கிலும் உடம்பும் படகும் அப்படித்தான் ஒட்டிக்கொள்கின்றன. கைவலு இருந்தால் போதும் என்று தோன்றும். உன்னிப்பாகப் பாருங்கள்: துடுப்பு வலப்பக்கம் தண்ணீரில் இறங்கும்போது வலது பாதம் கால்தாங்கியை மிதிக்கிறது, இடுப்பு திரும்புகிறது, முதுகு முறுக்கு அவிழ்கிறது. கை அந்த விசையைத் துடுப்புக்குக் கடத்துகிறது, அவ்வளவுதான். 200 மீட்டரில் வெடிக்கும் வேகம் வேண்டும். 1000 மீட்டரில் உடல் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துப் பயன்படுத்துகிறது என்பது பெரிதாகிவிடும்.

அப்புறம் மனம். கிரீன்லாந்து வேட்டைக்காரர்களுக்கு 'கயாக் அச்சம்' என்று ஒன்று உண்டு. அலையே இல்லாத கடலில், கண் கூசும் வெயிலில், தனியாக அசையாமல் காத்திருப்பவருக்குத் திடீரென்று தலை சுற்றும், படகு மூழ்குவதுபோலத் தோன்றும். புயலில் அல்ல, அமைதியில் வந்த பயம்! பந்தயத் தொடக்கக் கோட்டில் வரும் பதற்றம் வேறு வகை. ஆனால் அதுவும் உடம்பில்தான் இறங்கும்: தோள் இறுகும், முதுகு சரியாகத் திரும்பாது, ஒடுங்கிய படகு உடனே தள்ளாடும். ஜெர்மனியின் கயாக் வீராங்கனை பிர்கிட் ஃபிஷர் முதல் ஒலிம்பிக் தங்கத்தை 1980இல் 18 வயதிலும், எட்டாவதை 2004இல் 42 வயதிலும் வென்றார். தசையை மட்டும் வைத்து இதை விளக்க முடியுமா?

சரி, தமிழில் என்ன சொல்வது? கயாக் என்றே எழுதலாம். முதல் தடவை வரும்போது 'இருமுனைத் துடுப்புப் படகு' என்று சேர்த்தால் குழப்பம் வராது. செலுத்துபவரைத் துடுப்பாளர் என்பேன். படகோட்டி என்றால் மோட்டார் படகு ஓட்டுபவரும் உள்ளே வந்துவிடுவார்.