நோயுற்ற தாய் தேடும் செடி

வட அமெரிக்காவில் காணப்படும் ஆரஞ்சு நிற மோனார்க் வண்ணத்துப்பூச்சி முட்டையிடும் முன் இலையில் அமர்ந்து முன்னங்கால்களால் தட்டிப் பார்க்கும். அதன் கால்களில் சுவை உணரும் உறுப்புகள் உண்டு. இலைக்குள் இருக்கும் வேதிப்பொருள்களை அவற்றின் வழியாகவே அது அறிகிறது. இது தன் புழுக்கள் தின்னக்கூடிய செடிதானா என்பது அந்தச் சில நொடிகளில் முடிவாகிவிடும். அதே நொடிகளில் இன்னொரு முடிவும் எடுக்கப்படுகிறது என்று காட்டியவர்களில் ஒருவர் யாப் டி ரோட. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் பணிபுரியும் பரிணாம உயிரியலாளர் அவர். அதற்கு முன் எலிகளுக்கு வரும் மலேரியாவை ஆராய்ந்தவர்.

மோனார்க் புழுக்கள் தின்பது மில்க்வீட் செடிகளை மட்டுமே. இலையைக் கிள்ளினால் பால் வடியும் இந்தச் செடிகள் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தப் பாலில் கார்டினோலைடு எனும் நச்சுப்பொருள்கள் உள்ளன. விலங்குகளின் உயிரணுக்களில் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு புரதம் இருக்கிறது; கார்டினோலைடு அதைப் பற்றிக்கொண்டு முடக்கிவிடும். நரம்பும் இதயமும் அந்தப் புரதத்தை நம்பியே இயங்குவதால் பெரும்பாலான விலங்குகள் இந்தச் செடிகளை நெருங்குவதில்லை. மோனார்க்கின் புரதமோ சில இடங்களில் மாறிப்போயிருக்கிறது, அதனால் நச்சு அதில் சரியாக ஒட்டுவதில்லை. 2019-இல் வெளியான ஓர் ஆய்வில் இதே 3 மாற்றங்களைப் பழ ஈக்களின் மரபணுவில் புகுத்தினார்கள். அந்த ஈக்களும் நச்சைத் தாங்கின.

நச்சை உடலில் சேர்த்துவைக்கும் மோனார்க்கைத் தின்னும் பறவை வாந்தியெடுக்கும், மறுமுறை அந்த ஆரஞ்சு நிறத்தைக் கண்டாலே விலகிப் போகும். பாடநூல்கள் வழக்கமாக இந்த இடத்தில் நின்றுவிடும். ஆனால் இந்தக் கதையில் ஒட்டுண்ணி ஒன்றும் இருக்கிறது. அதைச் சேர்க்காமல் செடிக்கும் பூச்சிக்கும் உள்ள உறவைப் பாதிதான் புரிந்துகொள்ள முடியும் என்பது என் எண்ணம்.

ஆஃப்ரியோசிஸ்டிஸ் எலெக்ட்ரோசிர்ரா என்ற நீளமான பெயர் கொண்ட அந்த ஒட்டுண்ணி, மலேரியாக் கிருமிக்குத் தூரத்து உறவான ஒற்றைச்செல் உயிரி. நோயுற்ற பூச்சியின் வயிற்றுச் செதில்களுக்கு இடையே அதன் ஸ்போர்கள், அதாவது கடினமான ஓட்டுக்குள் உறங்கும் வித்துகள், லட்சக்கணக்கில் ஒட்டியிருக்கும். தாய் முட்டையிடும்போது அவை முட்டை மேலும் இலை மேலும் உதிர்கின்றன. முட்டையிலிருந்து வரும் புழு முதலில் தின்பது தன் முட்டை ஓட்டைத்தான். ஓட்டோடு ஸ்போரும் உள்ளே போகிறது. குடலில் ஸ்போர் உடைந்து, ஒட்டுண்ணி குடல் சுவரைத் துளைத்துத் தோலுக்கு அடியில் குடியேறிப் பெருகத் தொடங்கும். கூட்டுப்புழுப் பருவத்தின் கடைசி நாள்களில் அது மறுபடி ஸ்போர்களாக மாறுகிறது. கூட்டை விட்டு வரும் பூச்சி அந்த ஸ்போர்களைப் போர்த்திக்கொண்டே வெளிவரும். ஒரே ஒரு ஸ்போரில் தொடங்கிய தொற்றுகூடப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்போர்களில் போய் முடியலாம். தொற்று கடுமையானால் பூச்சி கூட்டிலிருந்து முழுதாக வெளியேற முடியாமலே சாகும், அல்லது சுருங்கிய சிறகோடு தரையில் விழும். லேசான தொற்று ஆயுளையும் பறக்கும் வலிமையையும் குறைக்கிறது.

அப்படியானால் ஒட்டுண்ணிக்கு எவ்வளவு பெருகுவது லாபம்? அளவுக்கு மீறிப் பெருகினால் தாய்ப்பூச்சி முட்டையிடும் முன்பே செத்துவிடும், ஸ்போர்கள் அதோடு மண்ணுக்குப் போகும். மிகக் குறைவாகப் பெருகினால் அடுத்த தலைமுறைக்குப் போதுமானவை உதிராது. 2008-இல் டி ரோட குழு வெளியிட்ட ஆய்வில், நடுத்தர அளவில் பெருகும் ஒட்டுண்ணிகளே மொத்தத்தில் அதிகம் பரவின. ஒட்டுண்ணி காலப்போக்கில் சாதுவாகிவிடும் என்ற பழைய நம்பிக்கைக்கு இயற்கையிலிருந்தே கிடைத்த மறுப்பு இது.

இனி செடியைப் பார்ப்போம். எல்லா மில்க்வீட்டும் ஒரே அளவு நச்சு கொண்டதில்லை. ஆஸ்கிளிபியாஸ் குராசாவிகா என்ற வெப்பமண்டல வகையில் கார்டினோலைடு மிகுதி. சதுப்பு நிலத்தில் வளரும் ஆஸ்கிளிபியாஸ் இன்கார்னாட்டாவில் குறைவு. ஒரே அளவு ஸ்போர் கொடுக்கப்பட்ட புழுக்களில், வெப்பமண்டல வகையைத் தின்றவை குறைவான ஸ்போர்களோடு வெளிவந்தன, அதிக நாள் உயிர்வாழ்ந்தன. செடியின் நச்சு ஒட்டுண்ணியையும் தாக்குகிறது.

2010-இல் வெளியான பரிசோதனை எளிமையானது. கூண்டுக்குள் இரண்டு வகைச் செடியும் வைத்து, தாய்ப்பூச்சியை உள்ளே விட்டு, எதில் எத்தனை முட்டை என்று எண்ணினார்கள். நோயற்ற தாய்கள் இரண்டிலும் ஏறக்குறைய சமமாக இட்டன. நோயுற்ற தாய்கள் மருந்துச் செடியில், அதாவது நச்சு மிகுந்த வெப்பமண்டல வகையில், அதிகம் இட்டன. புழுக்களிடம் இப்படி ஒரு தேர்வு தென்படவில்லை.

இதில் தாய்க்குத் துளியும் பயனில்லை. அதன் உடலில் இருந்த ஒட்டுண்ணி ஏற்கெனவே ஸ்போராகி வெளியே வந்துவிட்டது, இனி எந்த மருந்தும் அதைக் குணப்படுத்தாது. பயன் முழுவதும் பிள்ளைகளுக்கே, அதுவும் தாய் தானே தன் முட்டைகளோடு ஒட்டிவிடும் நோய்க்கு எதிராக. பூச்சி யோசித்துச் செய்கிறது என்று இதற்குப் பொருளில்லை. நோயுற்றபோது அந்தச் செடியின் பக்கம் சாய்ந்த தாய்களின் வாரிசுகள் கூடுதலாகப் பிழைத்தன. அந்தச் சாய்வும் வாரிசுகளோடு தொடர்ந்தது. மருந்து தேடுவதற்குப் பெரிய மூளை தேவை, அது குரங்கினங்களுக்கே உரியது என்ற எண்ணம் நெடுநாள் இருந்தது. ஒரு பூச்சி அதை அசைத்திருப்பது எனக்கு உண்மையிலேயே பெரிய மகிழ்ச்சி.

நோயற்ற தாய்களும் ஏன் எப்போதும் மருந்துச் செடியிலேயே முட்டையிடுவதில்லை? நச்சைத் தாங்கும் உடலுக்கும் அதைச் சமாளிக்க ஒரு செலவு உண்டு. நச்சு மிகுந்த செடிகளில் வளரும் மோனார்க்குகள் தொற்று இல்லாத நிலையில் அதனால் நட்டமே அடைகின்றன என்று அதே ஆய்வுக்கூடத்தின் பின்னாளைய ஆய்வு காட்டியது. தேவைப்படும்போது மட்டும் எடுத்துக்கொண்டால்தான் அது மருந்து.

அந்த மருந்தின் வீரியமும் நிலையானதில்லை. செடியில் அசுவினிகள் மொய்த்தால் அதன் காக்கும் திறன் குறைகிறது, அதே இலையைத் தின்னும் மோனார்க்கிடம் ஒட்டுண்ணி கூடுதலாகப் பெருகுகிறது. காற்றில் கார்பன் டை ஆக்சைடு மிகுந்த சூழலில் வளர்த்த வெப்பமண்டல மில்க்வீட்டும் தன் மருத்துவ குணத்தை இழந்தது என்று 2018-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. கண்ணுக்குச் செடி செழிப்பாகவே தெரியும்.

இவ்வளவு சொன்ன பிறகு, வெப்பமண்டல மில்க்வீட்டை எங்கும் நட்டால் மோனார்க்குகள் பிழைத்துக்கொள்ளும் என்று தோன்றலாம். அமெரிக்காவில் பலர் அன்போடு அப்படித்தான் நட்டார்கள். விளைவு எதிராகப் போனது.

கிழக்கு வட அமெரிக்காவின் மோனார்க்குகள் இலையுதிர்காலத்தில் மெக்சிகோவின் மலைக்காடுகளுக்கு வலசை போகின்றன. சில 4,000 கி.மீ. வரை பறக்கும். அப்போது ஸ்போர் படிந்த பழைய இலைகள் பின்னால் தங்கிவிடுகின்றன. நோயுற்றவை வழியிலேயே விழுந்துவிடுகின்றன. வலசை என்பது நோயை வடிகட்டும் சல்லடை. சூழலியலாளர் சோனியா அல்டிசரும் மற்றவர்களும் 2000-இல் வெளியிட்ட ஒப்பீட்டில், நெடுந்தூரம் வலசை போகும் கிழக்குக் கூட்டத்தில் கடுமையாகத் தொற்றியவை 8 சதவீதத்துக்கும் குறைவு. குறுகிய தூரம் போகும் மேற்குக் கூட்டத்தில் சுமார் 30 சதவீதம். எங்கும் போகாத தெற்கு ஃபுளோரிடாக் கூட்டத்தில் 70 சதவீதத்துக்கும் மேல்.

உள்ளூர் மில்க்வீட் குளிர்காலத்தில் காய்ந்துவிடும், அதனால் பூச்சிகள் புறப்பட்டாக வேண்டும். வெப்பமண்டல வகையோ மிதமான குளிர் உள்ள தென்பகுதிகளில் ஆண்டு முழுதும் தழைக்கும். சில பூச்சிகள் வலசையைக் கைவிட்டு அங்கேயே முட்டையிடுகின்றன, ஒரே இலைகளின் மேல் தலைமுறை தலைமுறையாக ஸ்போர் குவிகிறது. அப்படித் தங்கிவிட்ட பூச்சிகளிடம் தொற்று வலசை போகிறவற்றைவிடப் பல மடங்கு அதிகம் என்று 2015-இல் வெளியான ஆய்வு கண்டது. தனிப் புழு ஒன்றுக்கு மருந்தாகும் அதே செடி, கூட்டத்துக்கு நோய் பரப்பும் களமாகிவிடுகிறது.

அதனால்தான் மோனார்க் ஆர்வலர்களுக்கு ஆய்வாளர்கள் சொல்வது இது: கூடுமானவரை அந்தந்தப் பகுதிக்கு உரிய மில்க்வீட்டை நடுங்கள். வெப்பமண்டல வகை ஏற்கெனவே தோட்டத்தில் இருந்தால் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை சுமார் 15 செ.மீ. உயரத்துக்கு அடிக்கடி வெட்டிவிடுங்கள்.