கணத்தைத் தூரமாக்கும் நுண்கால்வாய்

அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலியான புரதம், தனக்குரிய வடிவில் மடிந்த பிறகே பெரும்பாலும் வேலை செய்யத் தொடங்குகிறது. மிகச் சிறிய புரதங்களில் சில, இந்த மடிப்பைச் சில மைக்ரோ வினாடிகளில், அதாவது ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் சில பங்கு நேரத்தில் முடித்துவிடுகின்றன. அதைப் பார்க்க வேண்டுமானால் எல்லா மூலக்கூறுகளையும் ஒரே சமயத்தில் மடியத் தொடங்கவைக்க வேண்டும். யூரியாவால் குலைத்து வைத்த புரதக் கரைசலுடன் யூரியா இல்லாத கரைசலைக் கலந்தால் மடிப்பு தொடங்கும் என்பது உண்மையே. ஆனால், இரண்டையும் விசையுடன் மோதவிடும் வழக்கமான கருவிகளில் கலப்பதற்கே ஏறத்தாழ ஒரு மில்லி வினாடி ஆகிவிடுகிறது. வேகமான புரதம் அதற்குள் மடிந்து முடிந்திருக்கும்.

1998இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஆஸ்டினின் குழு, சிலிக்கான் சில்லில் செதுக்கிய நுண்கால்வாய்களைக் கொண்டு 10 மைக்ரோ வினாடிக்கும் குறைந்த நேரத்தில் கலந்து காட்டியது. கால்வாய்கள் கூட்டல் குறிபோலச் சந்திக்கின்றன. நடுவில் யூரியாவுடன் புரதம் வருகிறது. இரு பக்கங்களிலிருந்தும் வெறும் கரைசல் அதிக அளவில் பாய்ந்து அதை நெருக்குகிறது. இவ்வளவு குறுகிய இடத்தில் சுழல் எழுவதில்லை என்பதால், நடு ஓட்டம் கலையாமல் 100 நானோமீட்டர் அகல இழையாக மெலிகிறது.

இங்கேதான் விரவலின், அதாவது மூலக்கூறுகள் தாமாகவே பரவுவதன், கணக்கு கைகொடுக்கிறது. விரவுவதற்கு ஆகும் நேரம் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. யூரியா போன்ற சிறு மூலக்கூறு ஒரு மில்லிமீட்டர் விரவ ஏறத்தாழ கால் மணி நேரம் ஆகும். 100 நானோமீட்டருக்கோ 10 மைக்ரோ வினாடி அளவே போதும். யூரியா இழையை விட்டு வெளியேறிவிட, உருவில் பெரிய புரதம் மெதுவாகவே விரவுவதால் பெரும்பாலும் இழையிலேயே தங்கி மடியத் தொடங்குகிறது.

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதன் அடுத்த படி. இழை வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடினால், ஒரு மைக்ரோமீட்டர் தூரம் ஒரு மைக்ரோ வினாடிக்குச் சமம். கலந்த இடத்திலிருந்து 20 மைக்ரோமீட்டர் தள்ளி நுண்ணோக்கியைக் குவித்தால், அங்கே எப்போதும் 20 மைக்ரோ வினாடி வயதுள்ள புரதங்களே கடந்து கொண்டிருக்கும். எனவே அதிவேகக் கேமரா தேவையில்லை. மடிப்பைக் காட்டித்தரும், புரதத்திலுள்ள டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்தின் ஒளிர்வு மங்கலாக இருந்தாலும் அதே புள்ளியில் நெடுநேரம் ஒளியைச் சேர்த்து அளக்கலாம். பிறகு புள்ளியை நகர்த்தி அடுத்த கணத்தைப் பார்க்கலாம்.

கவனம் வேண்டிய இடங்களும் உண்டு. கால்வாய்ச் சுவரை ஒட்டி ஓடும் நீர் நடுவில் ஓடுவதைவிட மெதுவாகச் செல்வதால், ஆழத்திற்கேற்ப புரதங்களின் வயது மாறுபடும். ஒளியைக் கால்வாயின் நடு ஆழத்தில் குவித்தாக வேண்டும். கரைசலை நன்றாக வடிகட்டுவதும் கட்டாயம். ஒரு தூசித்துகள் கால்வாயின் வாயில் சிக்கினாலே இழை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.