பனங்கையை உளுக்க வைத்தது சிமெண்டு

சித்திரைத் திருவிழா முடிந்த மறுவாரம் மதுரை கரிமேட்டில் ஒரு வளவு வீட்டைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். நான் போவதற்குள் பாதிக் கூரையை இறக்கியாயிற்று. ஓட்டைத் தாங்கிய பனைமரச் சட்டங்களான பனங்கைகளைத் துண்டு போட்டு விறகுக்கு எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். "எல்லாம் உளுத்துப் போச்சு தம்பி, தலையில விழுந்திரும்னு சொன்னாங்க" என்றார் வீட்டுக்கார அம்மா. ஒரு துண்டை எடுத்துச் சுத்தியலால் தட்டினேன். கணீரென்றது. இந்த வருஷம் இது நான்காவது வீடு. மனசு ஆறாமல்தான் இதை எழுதுகிறேன்.

1875-இல் மதுரைக்கு ரயில் வந்தது. 1892-இல் ரயிலடிக்குப் பக்கத்தில் மதுரா மில் ஓட ஆரம்பித்தது. ஊர் அதை ஹார்வி மில் என்றுதான் சொல்லும். சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து வேலைக்கு வந்த சனம் பொன்னகரம், கரிமேடு, ஆரப்பாளையம் என்று மில்லை ஒட்டியே குடியேறியது. சங்கு ஊதினால் காதில் விழும் தூரத்தில் வீடு வேண்டும். திருப்பரங்குன்றம் பக்கத்து ஹார்விபட்டி மாதிரி நிர்வாகம் கட்டிக்கொடுத்த குடியிருப்பு எல்லாருக்கும் கிடைக்கவில்லை. மற்றவர்களுக்கு வளவுதான்: நடுவே முற்றம், இரண்டு பக்கமும் ஒற்றை அறை வீடுகள், பொதுவில் ஒரு கிணறு. செட்டிநாட்டு வீடுகளுக்குப் பர்மாத் தேக்கு கப்பலில் வந்தது. மில் தொழிலாளி வீட்டுக்கு ஊர்ப் பனைதான் கூரை தாங்கியது. அந்தப் பனங்கைகளில் வாச்சி போட்டுச் செதுக்கிய தடம் இன்னும் இருக்கிறது. எந்தக் கை எந்த இடத்துக்கு என்று ஆசாரி வெட்டி வைத்த கோடுகளும் இருக்கின்றன. கரிமேட்டு வீட்டில் மிஞ்சிய பாதியில் ஒரு தொட்டில் கொக்கி தொங்குகிறது. மூன்று தலைமுறை ஆடிய கொக்கி.

சரி, உளுத்த விஷயத்துக்கு வருகிறேன். பனை மற்ற மரம் மாதிரி இல்லை. தேக்குக்கு வைரம் நடுவில், பனைக்கு வைரம் வெளிப்புறம். உள்ளே இருப்பது மெத்தென்ற சோறு. கைமரத்தின் உள்பக்கம் கொஞ்சம் கொட்டியிருந்தால் அது அந்தச் சோறுதான். கருகருவென்ற வெளிவைரம் நன்றாக இருந்தால் பாரம் தாங்கும். உள்ளே விரலை விட்டுப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

கெடுவது எங்கே தெரியுமா? சுவருக்குள் போகும் முனையில். கெடுக்கிறவர்கள் நாம்தான். "பழைய சுவர், சிமெண்டு பூசினா பலம்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். தயவுசெய்து இதை மறந்துவிடுங்கள். அந்தச் சுவர் செங்கல்லும் மண் சாந்தும், மேலே சுண்ணாம்புப் பூச்சும். தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விட்டுவிடும். சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே நிற்கும், இன்னும் மேலே ஏறும், உப்பு பூக்கும், பூச்சு பெயரும். அப்புறம் இன்னொரு தடவை சிமெண்டு! பனங்கை முனையைச் சுற்றியும் சிமெண்டை வைத்து அடைக்கிறார்கள். உடைந்த ஓட்டு வழியே சுவர்த் தலைக்கு வரும் மழைத்தண்ணீர் வெளியேற வழியில்லாமல் முனையிலேயே தங்குகிறது. கரையானுக்கு அதுபோதும். திருமலை நாயக்கர் மகால் 1636-இலிருந்து சுண்ணாம்பில்தான் நிற்கிறது. கல்லூரியில் எனக்குச் சுண்ணாம்பை யாரும் சொல்லித்தரவில்லை. கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு வயதான கொத்தனார்.

ஓட்டை எடுத்துவிட்டு அதே சுவர் மேல் கான்கிரீட் போடுகிறேன் என்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. சீமை ஓடு ஒரு சதுர மீட்டருக்கு 40 கிலோ போல வரும். 4 அங்குலக் கான்கிரீட் 250 கிலோ. மண் சாந்துச் சுவர் இதற்காகக் கட்டியது இல்லை.

உளுத்தது என்று யாராவது சொன்னால், முதலில் பனங்கை சுவரில் நுழையும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் இறங்காவிட்டால் பயப்பட வேண்டாம். முனையில் ஒரு அடி கெட்டிருந்தால் அந்த ஒரு அடியை மட்டும் வெட்டி, இரண்டு பக்கமும் பலகை வைத்து போல்ட் முடுக்கலாம். அதற்காக முழுக் கூரையையும் இறக்காதீர்கள். மரத்துக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள், முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய் போதும். பூனையும் குரங்கும் நகர்த்திய ஓடுகளை ஐப்பசிக்கு முன்னால் வருஷா வருஷம் மாற்றுங்கள். சோம்பல் படாதீர்கள், செலவு ஒரு ஆள் கூலிதான். கூரை தொய்ந்திருந்தாலோ, சுவர் பிளந்திருந்தாலோ உள்ளே படுக்க வேண்டாம். முட்டுக் கொடுத்துவிட்டு, பழைய வீடு வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். இடித்தே ஆக வேண்டும் என்றாலும் அதற்கு முன் ஒரு நாள் பழைய வீடு வேலை பார்க்கும் எங்களுக்குக் கொடுங்கள். அளவெடுத்துப் படம் பிடித்துக்கொள்கிறோம், காசு வேண்டாம்.

கரிமேட்டு அம்மா மீதிப் பாதியை நிறுத்தி வைத்திருக்கிறார். திங்கட்கிழமை சுவரின் அடிச் சிமெண்டைக் கொத்தி எடுக்கிறோம். இந்த வெயிலிலேயே சுவர் காய வேண்டும். ஆவணிக்குள் காய்ந்துவிட்டால் ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடு ஏற்றிவிடலாம்.