சட்டையின் முதல் பொத்தான்

டிமென்ஷியா எனப்படும் மறதிநோயோ என்ற சந்தேகத்தோடு பெற்றோரை அழைத்து வருபவர்களிடம் நான் முதலில் ஞாபகத்தைப் பற்றிக் கேட்பதில்லை. "பணக் கணக்கை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? மாத்திரைகளை யார் எடுத்துக் கொடுக்கிறார்கள்? எப்போதிலிருந்து?" என்றுதான் கேட்பேன். கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் உடனே பதில் வராது. யாரும் முடிவெடுக்காமலே, வேலைகள் ஒவ்வொன்றாகப் பிள்ளைகள் கைக்கு வந்து சேர்ந்திருக்கும்.

"ஞாபகமெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, நாற்பது வருடத்துக்கு முந்தைய கதையை அப்படியே சொல்கிறார்" என்பார்கள். சொல்வார்தான். பழைய நினைவுகள் நெடுநாள் தங்கும். டிமென்ஷியாவில் மிகப் பரவலான அல்சைமர் வகையில் முதலில் ஆட்டம் காண்பது, இன்று நடந்ததை மனத்தில் பதிய வைக்கும் திறன். அதோடு, ஒரு வேலையை வரிசை பிசகாமல் செய்து முடிக்கும் திறனும் தளரும்.

ஒருவர் அன்றாட வேலைகளைத் தானே எந்த அளவுக்குச் செய்கிறார் என்று பார்க்க, லாட்டன், பிராடி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1969-இல் வகுத்த அளவுகோலை இன்றும் கையாள்கிறோம். தொலைபேசி, கடைக்குப் போவது, சமையல், வீட்டுப் பராமரிப்பு, துணி துவைப்பது, பயணம், மருந்து, பணம் என எட்டு வேலைகள் அதில் உண்டு. பெரும்பாலும் இவைதான் முதலில் நழுவும். குளிப்பது, உடுத்துவது பிறகு. தானாகச் சாப்பிடுவது பெரும்பாலும் கடைசிவரை நிற்கும். அதனால் 'தானே குளிக்கிறார், தானே சாப்பிடுகிறார்' என்பதை வைத்து நோய் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. வயதானால் வரும் சாதாரண மறதி அன்றாட வாழ்க்கையை முடக்காது, டிமென்ஷியா முடக்கும்.

குளிக்க மறுப்பதைப் பிடிவாதம் என்கிறோம். குளியலுக்குள் எத்தனை படிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்: உடையைக் களைவது, தண்ணீரின் சூட்டைப் பார்ப்பது, சோப்பு, துவட்டுவது, மறுபடி உடுத்துவது. எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரியாதவருக்கு அது அச்சம் தரும் இடம். அந்த அச்சத்தைச் சொல்ல வார்த்தை வராதபோது "வேண்டாம்" என்று கத்துகிறார்.

ஒரு பெரியவரை நான் கவனித்துக்கொண்டிருந்தேன். சட்டையை மாட்டியவர், அதன் ஓரத்தைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. "விடுங்கப்பா, நான் போட்டுவிடுகிறேன்" என்று மகள் எழுந்தார். சற்றுப் பொறுக்கச் சொல்லிவிட்டு, அவருடைய விரலை மேல் பொத்தானின் மீது வைத்தேன், அவ்வளவுதான். மற்ற ஐந்தையும் அவரே போட்டுக்கொண்டார். நான்கு நிமிடம் ஆனது. மகள் அழுதுவிட்டார், ஏழெட்டு மாதமாக அவர்தான் தினமும் போட்டுவிட்டிருக்கிறார்.

பொத்தான் போடத் தெரியாமல் அவர் நிற்கவில்லை, தொடக்கம் பிடிபடாமல் நின்றார். பல ஆண்டுகள் பழகிய கைவேலை மூளையில் வேறு வழியில் பதிந்திருப்பதால், புதிய நினைவுகள் தங்காத நிலையிலும் அது நீடிப்பதுண்டு. ஆனால் பழக்கம் விட்டால் அதுவும் போய்விடும். அன்பினால் முழு வேலையையும் பிடுங்கிக்கொள்ளும் குடும்பங்களில், நோய் பறிப்பதற்கு முன்பே திறன் போய்விடுவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எந்தப் படியில் சிக்குகிறது என்று பாருங்கள். அங்கே மட்டும் கை கொடுங்கள். துணிகளை உடுத்தும் வரிசையில் அடுக்கி வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள். அடுப்பு, வாகனம், மருந்து, பெரிய பணம் ஆகியவற்றில் மட்டும் இந்தப் பொறுமை வேண்டாம். பாதுகாப்புக் குறைகிறது என்று தெரிந்த அன்றே பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

நேற்றுவரை செய்ததை இன்று திடீரென்று செய்ய முடியாமல் குழம்பினால், 'நோய் முற்றிவிட்டது' என்று இருந்துவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, உடலில் நீர் வற்றுவது, புதிதாகத் தொடங்கிய மருந்து, பக்கவாதம் என எதுவாகவும் இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மெல்ல மெல்ல வரும் தடுமாற்றத்திலும் தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு ஆகியவை டிமென்ஷியா போலவே தோன்றக்கூடும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. 'வயதாகிவிட்டது' என்று ஒதுக்கினால் அந்த வாய்ப்பு கைநழுவிப் போகும்.

மருத்துவரிடம் போகும்போது "மறந்துபோகிறார்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த வேலையை, எந்த மாதத்திலிருந்து, எந்த அளவுக்கு விட்டார் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பெரியவர் எதிரில் அதை உரக்கப் படிக்க வேண்டாம். மருத்துவர் கையில் கொடுத்துவிடுங்கள்.