காலி நாற்காலி எல்லாம் காலி இடம் அல்ல

மேஜையை வாடகைக்கு விடும் கோ-ஒர்க்கிங் இடம் ஒன்று. மணி பதினொன்றரை. மாதச் சந்தா கட்டிய மெம்பர் தோளில் லேப்டாப் பையோடு சீட் தேடி நிற்கிறார். பன்னிரண்டுக்கு அவருக்கு க்ளையன்ட் கால். அவர் உட்கார வேண்டிய இடத்தில், காலையில் ஒரு நாளுக்கான டே பாஸ் வாங்கியவர் ஹெட்செட் மாட்டிப் பேசிக்கொண்டிருக்கிறார். ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணுக்கு இரண்டு பக்கமும் திட்டு. கோ-ஒர்க்கிங் நடத்துகிறவர்களிடம் எத்தனை முறை சொன்னாலும் பதில் ஒன்றுதான்: “பத்து மணிக்குப் பார்த்தப்போ காலியாத்தானே சார் இருந்துச்சு!”

பத்து மணிக்குக் காலியாகத்தான் இருக்கும். கூட்டம் சேர்வது பதினொன்றிலிருந்து நாலு வரை. அந்த நாற்காலிக்கு ஒருவர் மாத ஆரம்பத்திலேயே பணம் கட்டிவிட்டார், இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். அதைக் காலி என்று நினைத்து இன்னொருவருக்குக் கொடுத்தால், ஒரே சீட்டை இரண்டு பேருக்கு விற்றதாகத்தான் அர்த்தம்.

கணக்கு கஷ்டமே இல்லை. 40 சீட் இருக்கிறது, அதில் 24 நிரந்தர டெஸ்க் என்று வையுங்கள். அவற்றை மறந்துவிடுங்கள், ஆள் வராவிட்டாலும் அது அவருடைய மேஜை. மிச்சம் 16. இந்த 16-ஐ நம்பி 22 பேருக்கு, தனி மேஜை இல்லாமல் காலியான இடத்தில் உட்காரும் ஃப்ளெக்ஸி பாஸ் விற்றிருக்கிறீர்கள், எல்லோரும் தினமும் வருவதில்லை என்பதால் அது தப்பில்லை. கடந்த நாலு செவ்வாய்க்கிழமைகளில் உச்ச நேரத்தில் இருந்தவர்கள் 11, 12, 10, 13. பலரும் சராசரி போட்டு, பதினொன்றரை பேர்தானே என்று நாலு டே பாஸ் விற்கிறார்கள். 13 பேர் வரும் நாளில் ஒருவர் நிற்பார். சராசரியைப் பார்க்காதீர்கள், அதிகபட்சத்தைப் பாருங்கள். 16-இல் 13 போனால் 3. ஒன்றைக் கையிருப்பாக வைத்துக்கொண்டு இரண்டை மட்டும் விற்கலாம். தலையை எண்ண வேண்டிய நேரம் பதினொன்றரையும் மூன்றரையும். திங்களுக்குத் திங்கள், செவ்வாய்க்குச் செவ்வாய் என்று தனித்தனியாக எழுதுங்கள்.

அரை நாள் பாஸை “நாலு மணி நேரம்” என்று விற்பது அடுத்த தப்பு. பதினொன்றுக்கு வந்து மூன்றுக்குப் போகிறவர் காலை, மதியம் இரண்டையும் சாப்பிட்டுவிடுகிறார். நீங்கள் வாங்கியது பாதிப் பணம். 9 முதல் 1.30 வரை, 2 முதல் 6.30 வரை என்று நேரத்தைக் கட்டிப்போடுங்கள். நடுவில் அந்த அரை மணி மேஜை துடைக்க. போனில் புக் செய்தவர் வராவிட்டால் முப்பது நிமிடம்தான் அவருக்காக சீட் காத்திருக்கும், அதைப் புக் செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

2021-இல் சென்னை மெட்ரோ வடக்கே விம்கோ நகர் வரை வந்தது. 2024 நவம்பரில் கொளத்தூரில் அரசின் கோ-ஒர்க்கிங் இடமான முதல்வர் படைப்பகம் திறந்தார்கள். ஐடி கம்பெனிகள் இருக்கும் ஓஎம்ஆர் வரை போகாமல் வீட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்பது இன்று பெரம்பூரிலும் தண்டையார்பேட்டையிலும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்தப் பக்கம் பல இடங்கள் வீட்டு மாடியை மாற்றிக் கட்டியவை. முன்னூறு சீட் இருக்கும் இடத்தில் ஒரு சீட் பிசகினால் தெரியாது, நாற்பதில் உடனே தெரியும். கனமழையில் கணேசபுரம் சுரங்கப்பாதையை மூடினார்கள் என்றால், நகருக்குள் போக வேண்டியவர்கள் நம் படியேறுவார்கள். அன்றைக்கு டே பாஸ் நிறுத்தம்.

இதைவிட மோசமானது மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள். ஏரியாவில் கரண்ட் இல்லை என்று வீட்டிலிருந்து வேலை செய்கிற அத்தனை பேரும் வருவார்கள். பெரும்பாலும் உங்களுக்கும் அதே லைன்தான். 3 கேவிஏ (3,000 வோல்ட்-ஆம்பியர்) யூபிஎஸ், அதில் வாட்டாகக் கிடைக்கும் பங்கான பவர் ஃபேக்டர் 0.8 என்றால் தாங்குவது 2,400 வாட். லேப்டாப்புக்கு 65 வாட் சார்ஜர் என்றால் 36 பேர், அதுவும் லைட், ரவுட்டர் எதையும் சேர்க்காமல். நாற்காலி நாற்பது இருந்து என்ன பயன்? ஜெனரேட்டர் இல்லாதவர்கள் முதல் நாளே அறிவிப்பைப் பார்த்து மெம்பர்களுக்கு மெசேஜ் அனுப்புங்கள். வெளியாளுக்கு அன்று இடமில்லை என்று சொல்லத் தயங்காதீர்கள்.

மதியம் வந்தவருக்கு மட்டும் வைஃபை சேராது, நெட் கம்பெனிக்குப் போன் போடுவார்கள். பாதி நேரம் கோளாறு லைனில் இல்லை. பல சின்ன ரவுட்டர்களில் ஐபி முகவரி, அதாவது சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் தரும் எண், நூறுதான் ஒதுக்கியிருக்கும். ஆளுக்கு லேப்டாப் ஒன்று, போன் ஒன்று. காலையில் வந்து போனவரின் முகவரி 24 மணி நேரம் அவர் பேரிலேயே கிடக்கும். விசிட்டர் வைஃபையைத் தனியாகப் பிரித்து, அதில் ஒரு முகவரி ஒருவர் பேரில் கிடக்கும் லீஸ் நேரத்தை 2 மணி நேரமாகக் குறையுங்கள்.

மெம்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். “அஞ்சே நிமிஷம்” என்று நண்பரைக் கூட்டி வந்து பக்கத்து சீட்டில் உட்கார வைக்காதீர்கள். மீட்டிங் அறையைக் கேளுங்கள். சாப்பிடப் போகும்போது பையை வைத்து இடம் பிடிப்பது முக்கால் மணி வரை சரி, அதற்கு மேல் வேண்டாம்.

விசிட்டர் நோட்டை மேஜையில் திறந்து போட்டு வைக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள். முன்னால் வந்த பெண்ணின் போன் நம்பரைப் பின்னால் வருகிறவர் நின்று படிக்கிறார். ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுங்கள்: பெயர், நம்பர், யாரைப் பார்க்க, உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம். கடைசிக் கட்டத்தைத்தான் யாரும் நிரப்புவதில்லை. தீ விபத்து என்றால் உள்ளே எத்தனை பேர் என்று அந்தக் கட்டம்தான் சொல்லும். இரவு பூட்டும்போது நேரம் எழுதாத சீட்டு ஒன்று கையில் மிஞ்சினால், பாத்ரூமையும் மொட்டை மாடியையும் பார்த்துவிட்டுப் பூட்டுங்கள்.