போனதும் திரும்பி வரும் பூஞ்சை

மருந்து வைத்த மூன்றாம் நாள் அரிப்பு அடங்கிவிடுகிறது. நிம்மதியாக மூச்சு விடுவதற்குள், அடுத்த மாதவிலக்கு நெருங்கும் வாரத்தில் அதே எரிச்சல், திரிந்த பாலைப் போலக் கட்டி கட்டியாக அதே வெள்ளைப்படுதல். பெண்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது யோனியில் ஈஸ்ட் என்னும் பூஞ்சையால் தொற்று வருகிறது. அவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு அது ஒரே ஆண்டில் மூன்று முறையோ அதற்கு மேலோ வரும். அதைத்தான் மருத்துவர்கள் மீண்டும் மீண்டும் வரும் தொற்று என்று தனியாகப் பிரித்துப் பார்க்கிறார்கள்.

இப்படி அவதிப்படும் பெண்கள் பலர் முதலில் சந்தேகப்படுவது தங்கள் சுத்தத்தைத்தான். சோப்பை மாற்றுகிறார்கள், வாசனைத் திரவம் வாங்குகிறார்கள், உள்ளே நீரைப் பீய்ச்சிக் கழுவுகிறார்கள். யாரிடமும் சொல்லக் கூசி மாதக்கணக்கில் தாங்கிக்கொள்கிறார்கள். அந்தக் குற்ற உணர்வுக்கு அறிவியலில் எந்த ஆதாரமும் இல்லை. கழுவக் கழுவத் தோல் புண்ணாவதுதான் மிச்சம்.

காரணமான கான்டிடா அல்பிகன்ஸ் என்ற பூஞ்சை வெளியிலிருந்து படையெடுத்து வருவதல்ல. எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்களில்கூடப் பத்தில் ஒருவர் அல்லது இருவரின் யோனியில் அது குடியிருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் அங்குள்ள செல்களில் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பைக் கூட்டுகிறது; அது பூஞ்சை வளரத் துணைபோவதாகக் கருதுகிறார்கள். கர்ப்ப காலத்தில் இந்தத் தொற்று அதிகமாவதும், மாதவிடாய் நின்ற பிறகு குறைவதும் ஈஸ்ட்ரோஜனின் ஏற்ற இறக்கத்தோடு ஒத்துப்போகின்றன. லாக்டோபாசிலஸ் என்னும் நல்ல பாக்டீரியா சுரக்கும் அமிலம் பல கிருமிகளை அண்டவிடாது. ஆனால் கான்டிடா அந்த அமிலத்திலும் நன்றாகவே வாழும். தொற்று இருக்கும்போதும் யோனியின் அமிலத்தன்மை பெரும்பாலும் இயல்பாகவே இருக்கிறது. ஆகவே 'அமிலத்தைச் சீராக்கும்' திரவங்கள் இங்கே பயன் தருவதில்லை.

தொல்லை தொடங்குவது பூஞ்சை உருமாறும்போதுதான். உருண்டையான ஈஸ்ட் செல்லாக அமைதியாகக் கிடந்தது, நீண்ட இழையாக வளர்ந்து தோலின் மேலடுக்குக்குள் நுழைகிறது. அந்த இழை கான்டிடாலைசின் என்ற நச்சைச் சுரந்து நம் செல்களில் ஓட்டை போடுகிறது என்பது 2016-இல்தான் தெரியவந்தது. காயப்பட்ட செல்கள் உதவி கேட்டுச் சமிக்ஞை அனுப்ப, நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் திரளாக வந்து சேர்கின்றன. வந்தும் அவற்றால் பூஞ்சையை ஒழிக்க முடிவதில்லை, அழற்சியைத்தான் கூட்டுகின்றன.

இந்த விஷயத்தில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது 2004-இல் வெளியான ஓர் ஆய்வு. ஆரோக்கியமான பெண்கள் தாங்களே முன்வந்து, உயிருள்ள கான்டிடாவைத் தங்கள் உடலில் ஏற்றுக்கொண்டார்கள். சிலருக்கு மட்டுமே அரிப்பும் வெள்ளைப்படுதலும் வந்தன. அவர்களிடம்தான் நியூட்ரோஃபில்கள் குவிந்திருந்தன. பூஞ்சை குடியேறியும் நோய்வாய்ப்படாதவர்களிடம் அந்தக் கூட்டம் இல்லை. அவர்களின் உடல் பூஞ்சையைக் கண்டும் பதறவில்லை. மீண்டும் மீண்டும் அவதிப்படுபவரின் உடலோ சிறிதளவு பூஞ்சைக்கே கொந்தளிக்கிறது. இதில் பரம்பரைக்கும் பங்குண்டு. பூஞ்சையை அடையாளம் காணும் டெக்டின்-1 என்ற ஏற்பியின் மரபணுவில் ஏற்பட்ட பிழையால் ஒரே குடும்பத்துப் பெண்கள் பலருக்கு இந்தத் தொற்று திரும்பத் திரும்ப வந்ததை 2009-இல் பதிவுசெய்தார்கள்.

சரி, மருந்து ஏன் நிரந்தரமாகக் குணப்படுத்துவதில்லை? நம் செல்லின் சவ்வில் கொலஸ்ட்ரால் இருப்பதைப் போலப் பூஞ்சையின் சவ்வில் எர்கோஸ்டெரால் இருக்கிறது. அதைத் தயாரிக்கும் நொதியை ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மாத்திரை முடக்குகிறது. சவ்வு சீர்கெட்டுப் பூஞ்சை பெருகுவது நின்றுபோகிறது. ஆனால் முழுவதும் செத்துவிடுவதில்லை. மாத்திரையை நிறுத்தினால் மிச்சமிருப்பது மெல்லத் தலைதூக்கும்.

எனவே சிகிச்சையும் இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் 1, 4, 7 ஆகிய நாட்களில் 150 மில்லிகிராம் ஃப்ளூகோனசோல் கொடுத்துத் தொற்றை அடக்குகிறார்கள். பிறகு வாரத்துக்கு ஒரு மாத்திரை வீதம் 6 மாதம். 387 பெண்களிடம் நடந்து 2004-இல் வெளியான இன்னோர் ஆய்வில், 6 மாத முடிவில் இப்படி மருந்து எடுத்தவர்களில் 90.8 சதவீதம் பேர் தொற்றின்றி இருந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அது 35.9 சதவீதம். மருந்தை நிறுத்தி மேலும் 6 மாதம் கழித்துப் பார்த்தபோது 90.8 என்பது 42.9 ஆக இறங்கியிருந்தது. பாதிக்கு மேற்பட்டோருக்குத் திரும்பிவிட்டது என்று இதைப் படித்து மனம் தளர வேண்டாம். அரை ஆண்டு அரிப்பில்லாமல் தூங்குவது சிறிய விஷயமல்ல. திரும்ப வந்தால் அதே முறையை மீண்டும் தொடங்கலாம்.

ஆனால் இவ்வளவுக்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: வந்திருப்பது ஈஸ்ட்தானா? கடையில் தாங்களாகவே ஈஸ்ட் மருந்து வாங்கிய பெண்களைச் சோதித்தபோது, மூன்றில் ஒருவருக்குத்தான் உண்மையில் ஈஸ்ட் தொற்று மட்டும் இருந்தது. மற்றவர்களில் பலருக்கு இருந்தது பாக்டீரியாவின் சமநிலைக் குலைவோ தோல் எரிச்சலோ வேறு தொற்றோதான். சிலருக்கு எந்தத் தொற்றுமே இல்லை. அதனால் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் மருத்துவரிடம் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுக்கச் சொல்லி, நுண்ணோக்கியில் பார்த்து, வளர்ப்புச் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். எந்த வகைப் பூஞ்சை என்று அதில்தான் தெரியும். கான்டிடா கிளாப்ராட்டா என்ற வகைக்கு ஃப்ளூகோனசோல் பல நேரங்களில் பலிப்பதில்லை. அதற்கு 600 மில்லிகிராம் போரிக் அமிலக் குளிகையைத் தினம் ஒன்றாக 3 வாரம் யோனிக்குள் வைக்கச் சொல்வார்கள். அது விழுங்கினால் நஞ்சு. கர்ப்பிணிகள் தொடவே கூடாது. கர்ப்பிணிகளுக்கு ஃப்ளூகோனசோல் மாத்திரையும் வேண்டாம். 7 நாள் உள்ளே வைக்கும் பூஞ்சை எதிர்ப்பு மருந்தைத்தான் பரிந்துரைக்கிறார்கள்.

தடுப்பில் முதல் வேலை, தூண்டுவது எது என்று தேடுவது. கட்டுக்குள் இல்லாத நீரிழிவு, சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் சில நீரிழிவு மாத்திரைகள், தேவையில்லாமல் எடுக்கும் ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு மருந்துகள். இவற்றில் ஒன்று பிடிபட்டாலே பாதிச் சுமை இறங்கிவிடலாம். கணவருக்கோ துணைவருக்கோ அறிகுறி இல்லையென்றால் அவருக்குச் சிகிச்சை தருவதால் பலன் இருப்பதாகத் தெரியவில்லை. புரோபயாடிக் மாத்திரைகளுக்கும் உறுதியான சான்று இன்னும் இல்லை.

2022-இல் அமெரிக்காவில் ஒட்டெசெகோனசோல் என்ற புதிய மருந்துக்கு அனுமதி கிடைத்தது. மீண்டும் மீண்டும் வரும் தொற்றுக்கென்றே உருவான அது, உடலில் மாதக்கணக்கில் தங்கியிருந்து காவல் காக்கிறது. அப்படித் தங்குவதாலேயே கருவுக்கு ஆபத்து வரலாம் என்று, இனிக் கருத்தரிக்க வாய்ப்பில்லாத பெண்களுக்கு மட்டும் அதை அனுமதித்திருக்கிறார்கள். இந்தத் தொற்று அதிகம் வாட்டுவதோ பிள்ளை பெறும் வயதுப் பெண்களைத்தான். அவர்களுக்கு இப்போதும் பெரும்பாலும் அந்த வாரம் ஒரு மாத்திரைதான்.